நீலத்துக்குக் கீழே

றுகையாவின் அடுப்பில் காலையில் முதலில் கொதிப்பது தேத்தண்ணி அல்ல, புருஷனின் மூத்திரம். இதை வெளியில் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் வாய் நனைக்க மாட்டார்கள்.

ஒரு தகரக் குவளையில் தண்ணீர் கொதிக்கும். அதற்குள் ஒரு கண்ணாடிக் குழல் நிற்கும். குழலுக்குள் இரத்தினபுரிப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த நீல மருந்து, அதில் மஷூரின் எட்டுத் துளி. நீலம் நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சளானால் கூட. செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால், மஷூர் கடையைப் பூட்டிவிட்டு மையத்துக்கு ஓதும் யாசீனைக் கற்றுக்கொள்ளலாம் என்று மஷூரே சொல்வான்.

ஆறு மாதத்துக்கு முன்பு செங்கல்தான் வந்தது. றக்வானைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்குக் கீழே அவனுடைய பலசரக்குக் கடை. அரிசி மூட்டையைத் தோளில் தூக்கி வைப்பவன் ஆறே வாரத்தில் இடுப்பில் நில்லாத சாரத்தைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்து, ஊசிப் பெட்டியோடு திரும்பி வந்தான். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் ஊசி, ஊசி போட்டால் கட்டாயம் சாப்பாடு. மருந்துக் குப்பி ஈர மணல் நிறைந்த சட்டியில் குளிர்ந்துகொண்டிருக்கும். ஊசியைக் கல்லில் தீட்டி, வெந்நீரில் போட்டு எடுத்து, தொடையில் குத்தும் வேலை றுகையாவுக்கு. முதல் நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். "எண்ட தொடதான்டு பாத்துக் குத்து புள்ள, கீழ ஈக்கிற பாய்க்குச் சீனி வருத்தமில்ல" என்றான் மஷூர்.

ஆனால் டொக்டர் கடைசி நாளில் சொன்ன ஒரு சொல்தான் அவள் நித்திரையைத் தின்றது. "ஊசி சில நேரம் கூடுதலாக வேலை செய்யும். ரத்தத்தில் சீனி ஒரேயடியாக இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும், ஆள் ஆளாக இருக்க மாட்டார். உடனே சீனி கொடுங்கள். தாமதித்தால் மயக்கம். மயக்கத்துக்குப் பிறகு நான் பொறுப்பில்லை."

இத்தனை நாள் சீனி நஞ்சு. இன்று முதல் சீனி மருந்தும்கூட. றுகையா அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் குழலைப் பற்றியே யோசித்தாள். நீலம் என்றால் சீனி இல்லை, சரி. எவ்வளவு இல்லை? நீலத்துக்குக் கீழே ஒரு நிறமும் கிடையாதே. அங்கே ஆள் இறங்கிப்போனால் எதைக் கொதிக்கவைத்துப் பார்ப்பது?

முதல் தடவை இறங்கியபோது கண்டவள் வெள்ளையம்மா. லயத்திலிருந்து வந்து இவளுக்கு மாவிடித்துக் கொடுக்கும் பெண். கடைக்கு அரிசி வாங்க வந்தவள் அலறிக்கொண்டு பின்பக்கம் ஓடி வந்தாள்.

"அம்மா, ஓடியாங்க! மொதலாளிய எதுவோ புடிச்சிருச்சுங்க. அரிசிப் படியில மண்ணெண்ணெயை ஊத்துறாருங்க. கேட்டா முறைக்கிறாரு!"

றுகையா கருப்பட்டித் துண்டை அவன் வாயில் திணித்தாள். கடிபட்டாள். கால் மணி நேரத்தில் மஷூர் மஷூராகி, படியை மோந்து பார்த்து, "எவன்டா அரிசியில மண்ணெண்ணெய ஊத்தினது?" என்று கோபப்பட்டான். வெள்ளையம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். றுகையாவுக்குச் சிரிக்க மூன்று நாளாயிற்று. அதுவரை கை நடுக்கம் அவளுக்குத்தான் இருந்தது.

அன்றிலிருந்து கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கித்துள் மரத்துக் கருப்பட்டித் துண்டு வாழைச் சருகில் சுற்றி அவன் இடுப்பில் இருக்கும். அவன் கடையில் ஆட்களைச் சிரிக்கவைத்துப் பேசும்போது அவள் சுவருக்கு இப்பால் செவியைத் தீட்டிக்கொண்டிருப்பாள். மஷூரின் பகிடி குறைந்தால் ஒரு கண் வைக்க வேண்டும். பகிடி கோணினால் ஓட வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. அதைச் செய்தவளும் றுகையாதான். சீனி வருத்தம் என்று முதலில் தெரிந்த வாரம், மனுஷன் கடைத்தெருவில் களவாகச் சர்பத் குடிக்கிறான் என்று கேள்விப்பட்டு, அவள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்குச் சொல்லியனுப்பினாள். மோதினார் நல்ல மனிதர். சொன்னதைச் சொன்னபடி சொல்லும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் எழும்புவதற்குள் எழுந்து நின்று, "மஷூர் நானாவுக்கு ஒரு துளி சீனி குடுக்கிறவன் நாளைக்கி மஹ்ஷர்ல அல்லாக்குப் பதில் செல்லிக்கொள்ளட்டும்" என்று அறிவித்துவிட்டார். அத்தோடு றக்வானைக் கடைத்தெரு முழுவதும் அவனுக்குக் காவலாகிவிட்டது. தேத்தண்ணிக் கடை ஜாபிர் இவன் வருவதைக் கண்டால் சீனி டப்பாவை மேசைக்குக் கீழே ஒளிப்பான்.

"அத மாத்திச் செல்லச் செல்லுங்களன்" என்று ஊசி தொடங்கியதும் றுகையா மஷூரிடம் கேட்டாள்.

"மாத்தினா எனத்துக்குன்டு கேப்பாங்க. ஊசிண்டு செல்லணும். ஊசி மருந்து எதுல செய்யிறண்டு கேப்பாங்க."

"மாட்டுலண்டுதானே டொக்டர் செல்லினாரு."

"டொக்டர் செல்லினது மாடுதான் புள்ள. அது கடத்தெருவுக்கு நடந்து போய்ச் சேர்ரதுக்குள்ள ஹறாமான பண்டியாகிரும். பொறகு எண்ட கடையில உப்பும் வாங்க மாட்டாங்க. ஊசிண்டு யார்ட்டயும் செல்ல மாட்டண்டு எண்ட தலையில அடிச்சி சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் பண்ணினாள். வெள்ளையம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தன் கையாலேயே ஊரின் கையைக் கட்டி, தன் கையாலேயே தன் வாயையும் கட்டிக்கொண்டவள் இந்தத் தோட்டப் பக்கத்தில் தான் ஒருத்திதான் என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும்.

ஊர்ப் பெரியவர் ஸஹாப்தீன் ஹாஜியாரின் மகளுக்கு நிக்காஹ் அந்த மழைக்காலத்தில்தான் வந்தது. மாப்பிள்ளை பலாங்கொடை. பதினொரு மணிக்கு நிக்காஹ், பதினொன்றரைக்கு சஹன் தட்டில் சாப்பாடு. ஹாஜியார் சட்டைப்பை மணிக்கூட்டைப் பார்த்துத்தான் இருமுவார் என்று பேர். அவரை நம்பி மஷூர் பத்தே முக்காலுக்கே வீட்டில் ஊசி போட்டுக்கொண்டான். கல்யாண வீட்டுக்கு ஊசியைக் கொண்டுபோனால் சத்தியம் என்ன ஆவது? காலையில் குழல் நீலமாகத்தான் இருந்தது. அவ்வளவு அழகான நீலம்.

புறப்படும் நேரத்தில்தான் அது நடந்தது. மஷூருக்குப் புது வெள்ளைக் கோட்டு. அதன் பையில் அவன் கருப்பட்டியைப் போட்டுக்கொண்டான். மழை ஈரத்தில் கருப்பட்டி வியர்த்து, சருகைத் தாண்டி ஒட்டியது.

"அனே, கோட்டு கறையாகுமே! இஞ்ச தாங்க. நான் வேற சருகில சுத்தி ஹாஜியார்ட வாசல்ல வச்சித் தாறன்."

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அரை மைல் இறக்கம். ஹாஜியார் வீட்டு வாசலில் குடைகள் ஒன்றோடொன்று சண்டை பிடித்தன. ஹாஜியாரின் மனைவி உம்மு குல்தூம் படிக்கட்டில் நின்று பெண்களைக் கோழிக்குஞ்சுகளைப் போல உள்ளே பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க வாங்க றுகையா, ஆம்புளயளுக்கு நடுவுல நிக்காதீங்க" என்று ஒரு இழுப்பு. திரும்பிப் பார்த்தபோது வெள்ளைக் கோட்டு ஆண்கள் பக்கம் போய் மறைந்துவிட்டது.

உள்ளே பாயில் உட்கார்ந்த பிறகுதான் இடுப்பில் ஏதோ உறுத்தியது. முந்தானை முடிச்சு.

கருப்பட்டி இன்னும் றுகையாவிடமே. பரவாயில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினொன்றரைக்குச் சோறு. ஹாஜியார் மணிக்கூடு.

கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் கயிறு கட்டி இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். சுவர் மணிக்கூடு அந்தப் பக்கம். அடிக்கும் சத்தம் மட்டும் இந்தப் பக்கத்துக்கும் பொது.

பதினொன்று அடித்தது. ஒருவரும் அசையவில்லை. பதினொன்றரைக்கு ஒற்றை அடி அடித்தது. நெய்ச்சோற்று வாசம் வந்தது, சோறு வரவில்லை. றுகையா விரல் விட்டு எண்ணினாள். ஊசி போட்டு முக்கால் மணி நேரம்.

பன்னிரண்டு அடித்தபோது சேதி வந்தது. மலையில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டதாம். பஸ் அந்தப் பக்கம் நிற்கிறதாம். மாப்பிள்ளை சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வருகிறாராம். பெண்கள் சிரித்தார்கள். கல்யாணப் பெண்கூட முக்காட்டுக்குள் குலுங்கினாள். றுகையா எழும்பி உம்மு குல்தூமின் காதருகே போனாள்.

"மச்சி, ஒரு பிடி சோறு. வேறொண்டுமில்ல, எங்கட ஆளுக்கு. நேரத்துக்குத் தின்னணுமுண்டு டொக்டர் செல்லீக்கி."

"மாப்புள வந்து உக்காராம சஹன் வைக்கிறதா? எனத்த பேசுறீங்க!" உம்மு குல்தூம் மூக்கில் விரல் வைத்தாள். "நூத்திருவது ஆம்புளயள் பசியோட ஈக்கிறாங்க. ஒங்கட ஆளுக்கு மட்டும் தனி வயிறா? சீனி வருத்தக்காரருக்கு பட்டினி நல்லதுண்டு எண்ட வாப்பா செல்லுவாங்க. கொஞ்சம் பொறுங்க."

ஊசி போட்டிருக்கிறது என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அது றுகையாவின் நாக்கு நுனி வரை வந்தது. சத்தியம் அதைப் பிடித்து உள்ளே இழுத்தது. வந்து பாயில் உட்கார்ந்தாள். முடிச்சை விரலால் தடவினாள். பத்தடி தூரத்தில் அவன் இருக்கிறான். மருந்து இவள் மடியில். நடுவில் இரண்டு படுக்கை விரிப்பு.

தண்ணீர்க் குடத்தோடு வெள்ளையம்மா வந்தாள். கல்யாண வேலைக்கு அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். றுகையா அவள் கையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தாள்.

"வெள்ளையம்மா, இத மொதலாளிட கையில குடுத்திரு. அவர்ட கையிலதான். ஓடு."

வெள்ளையம்மா முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "இந்தா வந்துர்றேங்கம்மா" என்று விரிப்புக்குள் புகுந்தாள்.

றுகையா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஜாபிரின் குரல் கேட்டது.

"ஏய், எங்க போற? கையில எனத்த?"

"அம்மா குடுத்து விட்டாங்க சாமி. மொதலாளிக்கு."

"எந்த அம்மா? றுகையா மாமியா? கருப்பட்டிய?" ஜாபிர் சிரித்தான். "பள்ளியில செல்லவச்சவங்க கருப்பட்டி குடுப்பாங்களா? கத உடாத. நானா ஒனக்கு எனத்த தாறண்டு செல்லி இத எடுத்து வரச் செல்லினாரு? ஆ?"

"இல்லீங்க சாமி, நெசமா, அம்மாதாங்க..."

"கொண்டா இஞ்ச. நானா இத இனி கண்ணாலயும் காணப்போடாது." சருகு பிரியும் சத்தம். பிறகு நிறைந்த வாயோடு ஜாபிர் பேசினான். "மாமிக்குச் செல்லு, ஜாபிர் தின்னுட்டானாம், பயப்பட வாணாமாம்."

வெள்ளையம்மா திரும்பி வந்தபோது கையில் வெறும் சருகு இருந்தது. கண் நிறைந்திருந்தது. "தின்னுப்புட்டாருங்கம்மா" என்றாள். "ஆம்பளைங்க முன்னால நான் எம்புட்டுதாங்க பேசுறது?"

"அவரு எப்பிடி ஈக்கிறாரு?"

"வேர்த்து ஊத்துதுங்க. கோட்டெல்லாம் நனைஞ்சிருக்கு. ஆனா சிரிச்சிக்கிட்டுத்தாங்க கதை சொல்லிக்கிட்டிருக்காரு."

கதை. றுகையா விரிப்பின் ஓரத்துக்கு நகர்ந்து காதை வைத்தாள்.

மஷூரிடம் ஊருக்கே தெரிந்த ஒரு கதை உண்டு. தன்னைத்தானே ஏளனம் பண்ணும் கதை. கடை திறந்த புதிதில், அரிசியோடு துணியும் விற்ற காலத்தில், மூக்கையா கங்காணிக்குக் கோட்டுத் துணி அளக்கப் போனானாம். கங்காணியின் வயிறு அப்படிப்பட்ட வயிறு. துணி நுனியைத் தொப்புளில் வைத்துச் சுற்றிப் போனால், திரும்பி வருவதற்குள் எங்கே தொடங்கினோம் என்று மறந்துபோய்விடுமாம். அடையாளத்துக்குக் கங்காணியின் ஆட்டைக் கொண்டுவந்து கட்டி, துணி நுனியை அதன் பக்கம் வைத்துவிட்டுச் சுற்றினானாம். வந்து பார்த்தால் ஆடு நிற்கிறது, துணியைக் காணோம். "அதுக்குப் பொறகு கங்காணிய உட்டுட்டு ஆட்டத்தான் அளந்தன்" என்று முடிப்பான். றுகையா இதை இருநூறு தடவையாவது கேட்டிருப்பாள். எங்கே நிறுத்துவான், எங்கே இருமுவான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"...சுத்திப் போனன்" என்றது மஷூரின் குரல். "போறன், போறன். வந்துட்டன். எங்க தொடங்கினன்? மறந்துட்டு. திரும்பவும் சுத்திப் போனன்."

ஆண்கள் சிரித்தார்கள். றுகையா காத்திருந்தாள். இந்த இடத்தில் ஆடு வர வேண்டும்.

"சுத்திப் போனன். போறன். வந்துட்டன். எங்க தொடங்கினன்?"

சிரிப்பு கூடியது. "நானா இன்டக்கி புது மாதிரிச் செல்லுறாரு!" என்றார் யாரோ. ஆடு வரவில்லை.

"சுத்திப் போனன்..." குரல் தடித்து, நாக்கு பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. "சர்பத் குடுங்க. கங்காணிக்கில்ல, எனக்கு."

"ஆ, இதுக்குத்தானா இவ்வளவு நடிப்பு!" ஜாபிர் கைதட்டினான். "சர்பத்து மாப்புளக்கி. நானாவுக்கு வெறும் கஹட்டத் தேத்தண்ணிய ஊத்துங்கடா, சீனியில்லாம."

மஷூருக்கு ஆடு இனி வராது என்று றுகையாவுக்கு விளங்கியது. அவன் கங்காணியின் வயிற்றைச் சுற்றிச் சுற்றி நீலத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படி. நூற்றிருபது பேர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடக் கெட்டவரில்லை. எல்லோரும் அவள் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

"சுத்தி..." என்றான் மஷூர். பிறகு ஒன்றுமில்லை. ஒரு கிளாஸ் விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

"நானாவுக்கு நித்திர வந்துட்டு" என்று ஜாபிர் சொன்னதும், ஒரு சிரிப்பும், பிறகு சிரிப்பு பாதியில் நின்றதும் கேட்டன.

உள்ளறை நடுவில் முக்காலி. அதில் மாப்பிள்ளைக்கென்று வெள்ளிக் கிண்ணத்தில் றோஜாப்பூ நிறச் சர்பத், மேலே ஊறிய கசகசா விதை மிதக்க, பட்டுத் துணி மூடி இருந்தது. மாப்பிள்ளை வாய் வைக்குமுன் அதை ஈயும் தொடக்கூடாது. றுகையா அதை எடுத்தாள். உம்மு குல்தூம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பைத்தியமா ஒங்களுக்கு? மாப்புளட கிண்ணம்!"

"உடுங்க மச்சி. உடாட்டி இன்டக்கி ஒங்கட ஊட்டுல நிக்காஹ் இல்ல, மையத்துதான்."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றைக் கேட்டு உம்மு குல்தூமின் விரல்கள் தாமாகவே விட்டன.

விரிப்பை விலக்க கை இல்லை. கிண்ணம் இரண்டு கையிலும். தலையால் முட்டிக்கொண்டு போனாள். கயிறு அறுந்து இரண்டு விரிப்பும் அவளோடு சேர்ந்து ஆண்கள் பக்கம் வந்தன. அந்த நேரத்தில் அவளுக்கு எதிர்பாராத ஓர் உதவி கிடைத்தது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் மானமுள்ள மனிதர்கள். அடுத்தவன் மனைவி முக்காடு நழுவ நடுக்கூடத்துக்கு வந்ததும், நூற்றிருபது தலையும் ஒரேயடியாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டன. அவளைத் தடுக்க வேண்டுமென்றால் பார்க்க வேண்டும். பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மஷூர் தூணில் சாய்ந்து கிடந்தான். முகம் பிட்டுமாவாக வெளுத்து, வேர்வை தாடியில் சொட்டியது. கண் திறந்திருந்தது. அதற்குள் அவன் இல்லை.

"இஞ்ச பாருங்க, நான்தான். வாயத் தொறங்க."

பல் கிட்டிக் கிடந்தது. அவள் விரலைச் சர்பத்தில் தோய்த்துக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் தடவினாள். மறுபடி தோய்த்தாள். மறுபடி. அவன் கையை உதறினான். கிண்ணம் சாய்ந்து வெள்ளைக் கோட்டு நெஞ்சிலிருந்து மடி வரை றோஜா நிறமாயிற்று. கறையாகும் என்று அவள் பயந்த கோட்டு. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் நேரமில்லை.

"மாமி!" ஜாபிர் சுவரைப் பார்த்தபடியே கத்தினான். "சீனி வருத்தக்காரருக்கு சர்பத்த ஊத்திக் கொல்லுறீங்களே மாமி!"

மஷூரின் தொண்டை அசைந்தது. விழுங்கினான். ஒரு மிடறு. அவள் கிண்ண விளிம்பை உதட்டில் வைத்தாள். இன்னொரு மிடறு. சுவர் மணிக்கூடு இப்போது அவள் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பன்னிரண்டே முக்கால். பெரிய முள் அசையவே இல்லை. பழுதோ என்று பார்த்தாள். வினாடி முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் ஆயத்துல் குர்சியை ஓதத் தொடங்கி, நடுவில் மறந்து, மறுபடி தொடங்கினாள். அவளும் சுற்றிச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடம். கண்ணுக்குள் ஆள் இல்லை. இனி வரவே மாட்டானோ? தான் முடிந்துகொண்ட ஒரு முடிச்சுக்காக, ஒரு கோட்டுக்காக, ஒரு சத்தியத்துக்காக.

சத்தியம் அந்த இடத்தில் அறுந்தது.

"எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்க" என்றாள் றுகையா. பெண்குரல் கூடத்தில் எழுந்து நின்றது. சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகுகள் விறைத்தன. "இவர் ஊசி போடுறாரு. மூணு நேரமும். ஊசி போட்டா நேரத்துக்குச் சோறு தின்னணும். தின்னாட்டி சீனி இறங்கி இப்பிடியாகும். அப்ப சீனிதான் மருந்து. பள்ளியில செல்லவச்சது நான்தான். அது பழைய செய்தி. இது புதிசு." மூச்சு வாங்கினாள். "ஊசி மருந்து மாட்டுலதான் செய்யிற. டொக்டர்ட வாயால கேட்டது. யாராவது வேற மிருகத்தச் செல்லினா எண்ட ஊட்டுக்கு வாங்க, பேசிக்கொள்ளுவம்."

ஒருவரும் இருமவில்லை. ஹாஜியார்கூட.

மஷூரின் இமை அடித்தது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை, வேண்டுமென்றே அடித்ததுபோல. கண்ணுக்குள் தூரத்திலிருந்து யாரோ நடந்து வந்தார்கள். குனிந்து கோட்டைப் பார்த்தான். தொட்டு, விரலை நக்கினான்.

"ஆடு எங்க?" என்றான்.

றுகையா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஜாபிர்தான் சுவரைப் பார்த்தபடி, அழுகிற குரலில் கேட்டான். "ஆடு எனத்த செஞ்சது நானா?"

"துணியத் தின்னுட்டு." மஷூர் யோசித்தான். "அதுக்குப் பொறகு... கங்காணிய உட்டுட்டு ஆட்டத்தான் அளந்தன்."

நூற்றிருபது முதுகும் குலுங்கின. அப்போதுதான் றுகையா தன் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, விழுந்து கிடந்த விரிப்பையும் மேலே சுற்றிக்கொண்டு, குனிந்தபடியே உள்ளே ஓடினாள். உள்ளே போய் வெள்ளையம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "அம்மா, மொதலாளி கதைய முடிச்சிட்டாருங்க, விடுங்க" என்று வெள்ளையம்மா முதுகைத் தடவினாள். ஹாஜியார் வாழ்க்கையில் முதல் தடவையாக மணிக்கூட்டைப் பார்க்காமல் ஒரு காரியம் செய்தார். முதல் சஹனைத் தூணடிக்கு அனுப்பினார். ஒன்றரைக்கு மாப்பிள்ளை முழங்கால் வரை சேற்றோடு வந்தார். சர்பத் எங்கே என்று கேட்காமல் வெறும் கஹட்டையைக் குடித்து நிக்காஹ் முடித்தார். நல்ல பிள்ளை.

அடுத்த வெள்ளிக்கிழமை மோதினார் மறுபடி எழுந்தார். இம்முறையும் சொன்னதைச் சொன்னபடி சொல்லவில்லை. விளைவு, மஷூர் வெயிலில் நெற்றியைத் துடைத்தால் போதும், நாலு பக்கத்திலிருந்தும் கருப்பட்டி வந்தது. ஜாபிர் தின்ற கருப்பட்டிக்குப் பதிலாகப் பத்து மடங்கு ஊட்டாமல் விடமாட்டான் போலிருந்தது. ஊசி எந்த மிருகம் என்று ஒருவரும் கேட்கவில்லை. றுகையாவின் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ள யாருக்கும் ஆசையில்லை. இரண்டு வாரம் குழல் பச்சைக்கும் மஞ்சளுக்குமாக அலைந்தது. ஒரு நாள் செங்கல்கூடப் பூசியது. "ஊருட பாசம் இது" என்று அவள் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். பிறகு தெருவுக்குத் தெரு வெள்ளையம்மாவை அனுப்பி, வேர்த்தால் மட்டும் போதாது, பேச்சும் கோண வேண்டும் என்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

இப்போது குழல் மறுபடி நீலம். அழகான நீலம். அதைக் கண்டால் அவளுக்கு நிம்மதி வருவதில்லை. குழலைத் துடைத்து வைத்துவிட்டு அவள் இரண்டாவது சோதனையைத் தொடங்குவாள்.

"ஆடு எனத்த செஞ்சது?"

மஷூர் பல் துலக்கிக்கொண்டே கதையைச் சொல்வான். தொப்புள், சுற்று, ஆடு, துணி. ஒரு காலையில் பகிடிக்காக "சுத்திப் போனன், போறன், எங்க தொடங்கினன்?" என்று இழுத்தான். அவள் கையிலிருந்த குழல் விழுந்து நொறுங்கியது. அவள் முகத்தைப் பார்த்தவன் குந்தி, கண்ணாடித் துண்டுகளைத் தானே பொறுக்கினான். அதற்குப் பிறகு அந்தப் பகிடியை அவன் மறுபடி செய்யவில்லை.

இன்று காலையிலும் கேட்டாள். மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் முற்றத்தைப் பார்த்து நின்றான். பதில் வரவில்லை. கேட்கவில்லையா, தேடுகிறானா என்று தெரியவில்லை. அவள் விரல்கள் தாமாகவே, இப்போதெல்லாம் கருப்பட்டி இருக்கும் முந்தானை முடிச்சுக்குப் போய், அவிழ்க்கத் தொடங்கின.

"தின்னுட்டு புள்ள" என்றான் மஷூர், திரும்பாமலே. "துணியத் தின்னுட்டு."

அவள் முடிச்சை மறுபடி இறுக்கினாள். ஆனால் கையை எடுக்கவில்லை.